உடம்புச் சூட்டில் ஒரு குடுவை

கொலை நடந்த அறை என்றுதான் போனில் சொல்லியிருந்தார்கள். வந்து பார்த்தால் ரத்தமும் இல்லை, பிணமும் இல்லை. எவர்சில்வர் தொட்டிக்குள் தட்டையான பிளாஸ்டிக் குடுவைகள் சில, மூடி கழன்று குப்புறக் கிடந்தன. ப்ளீச்சிங் நெடி மூக்கைத் துளைத்தது.

"நீச்சல் குளத்துல மூழ்கிச் செத்தவங்க மாதிரி கிடக்கு," என்றாள் சின்னவள்.

துப்பறிவாளர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் இருப்பது புதிதும் இல்லை.

சின்னவள் அவருடைய மச்சினி. பிறந்த வீட்டில் அக்காளைப் பெரியவள் என்றும் தங்கையைச் சின்னவள் என்றும் கூப்பிட்டார்கள். கல்யாணத்துக்குப் பிறகு அவருக்கும் அதுவே வாயில் ஒட்டிக்கொண்டது. போன வருஷம் மழைக்காலத்தில் பெரியவள் போய்விட்டாள். சின்னவள் மட்டும் இன்னும் சின்னவளாகவே இருந்தாள். அத்தான் பேசுவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டார் என்று தெரிந்ததும், பார்த்துக்கொண்டிருந்த வேலையை உதறிவிட்டு வந்து, அவர் ஆபீஸில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசிக்கொண்டிருக்கிறாள்.

அவருக்கு அதில் ஆட்சேபம் இல்லை. எதிலுமே ஆட்சேபம் இல்லை. பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி ஆகிவிட்டது அவருக்கு எல்லாம். தொட்டால் தொட்டது தெரியும், அவ்வளவுதான். மூளை மட்டும் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மின்விசிறியை அணைக்க மறந்துவிட்டுப் போன வீடு போல.

ஆய்வகத் தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"இதுல இருந்தது செல் சார். மனுஷ உடம்போட செல். தோல்ல கடுகளவு கிள்ளி எடுத்து, சாப்பாடு குடுத்து, உடம்புச் சூட்டுல வெச்சா குடுவையோட அடியில ஒட்டிக்கிட்டு வளரும். ஆள் எங்கேயோ இருப்பார். அவர் செல் இங்கே பெருகிக்கிட்டு இருக்கும்."

"ஆள் இல்லைன்னா?" என்றார் துப்பறிவாளர்.

அன்று அவர் முதல் தடவையாக வாயைத் திறந்தது அப்போதுதான். சின்னவள் அவரை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுச் சட்டென்று கூரையைப் பார்த்தாள்.

"இல்லைன்னாலும் வளரும். இந்தச் செல்லுக்குச் சொந்தக்காரப் பொண்ணு தவறிப்போயாச்சு. அபூர்வமான வியாதி. செல்லுக்குள்ள சேர்ற குப்பை வெளியே போகாம கரும்புள்ளியா தங்கிடும். அவ தம்பிக்கும் அதே வியாதி. எதிர்க் கட்டடத்துல வார்டுல இருக்கான். நாங்க ஒரு மருந்தை அவன் அக்கா செல்லுல போட்டுப் பார்த்தோம். கரும்புள்ளி எல்லாம் துடைச்ச மாதிரி போயிடுச்சு. இத்தனை வருஷத்துல முதல் தடவை. இன்னைக்குச் சாயங்காலம் பையனுக்கு அந்த மருந்தை ஆரம்பிக்கிறோம். நேத்துக் காலையில வந்து பார்த்தா இப்படி."

"மருந்து வேலை செய்யுதுன்னுதான் தெரிஞ்சுபோச்சே மேடம். செல் போனா போகுது," என்றாள் சின்னவள்.

"அப்படி இல்லைம்மா. இப்ப அவனைத் தாங்கிக்கிட்டிருக்கிற பழைய மருந்தை நிறுத்திட்டுத்தான் இதைப் போடணும். ரெண்டும் சேர்ந்தா ஈரல் தாங்காது. ஒரு தடவை நிறுத்தினா திரும்ப ஆரம்பிக்க முடியாது. அடுத்து என்ன ஆகும்னு அக்கா செல்லைப் பார்த்துத் தெரிஞ்சுக்கலாம்னு இருந்தோம். அது முன்னால நடக்கும், இவன் பின்னால போவான். இப்ப கண்ணைக் கட்டிக்கிட்டு நடக்கணும்."

"பையன் தோல்லயே கிள்ளலாமே?"

"கிள்ளியாச்சு. அது வளர்ந்து வேலைக்கு ஆக மாசக் கணக்காகும். அவன்கிட்ட அவ்வளவு நாள் இருக்கான்னு தெரியாது. உறைய வெச்ச செல்லும் இல்லை. இந்த வியாதிச் செல்லை உறைய வெச்சா எழுந்திரிக்கிறதில்லை." தலைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "போலீஸுக்குப் போனா பேப்பர்ல வரும். அதான் உங்களைக் கூப்பிட்டேன். யார் செஞ்சாங்கன்னு தெரியணும். அதைவிட முக்கியம், எதாவது மிச்சம் இருக்கான்னு தெரியணும். சாயங்காலத்துக்குள்ள."

"யார் மேல சந்தேகம்?" என்றாள் சின்னவள்.

தலைவி தயங்கினார். "சொல்லக்கூடாது. அந்தப் பொண்ணோட அம்மா ஒரு நாள் வந்து மகளைப் பார்க்கணும்னு கேட்டாங்க. மைக்ராஸ்கோப்ல காட்டினோம். ரொம்ப நேரம் குனிஞ்சு பார்த்தாங்க. எழுந்திரிச்சு, 'இன்னும் எவ்வளவு நாள் இவளை இப்படியே வெச்சிருப்பீங்க'ன்னு கேட்டாங்க. கோபமா கேட்டிருந்தாக் கூட பரவாயில்லை. சும்மா, பஸ் எப்ப வரும்னு கேக்குற மாதிரி கேட்டாங்க."

துப்பறிவாளர் தலையை மட்டும் அசைத்தார். அந்தக் குரல் எப்படி இருந்திருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

*

அந்த அம்மாள் வார்டு வாசலில், மடியில் மடித்த போர்வையோடு உட்கார்ந்திருந்தாள். அழுததற்கான தடயம் எதுவும் முகத்தில் இல்லை. துப்பறிவாளர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்த இரண்டு பயணிகள் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

"நேத்து அங்க நடந்தது தெரியுமாம்மா?"

"சொன்னாங்க."

"உங்களுக்கு யார் மேலயாவது..."

"அவ செத்தாச்சு சார். திரும்பத் திரும்ப யாராவது வந்து செத்துட்டா, செத்துட்டான்னு சொன்னா நான் என்ன பண்றது." போர்வையின் மடிப்பைச் சரி செய்தாள். "யார் கொட்டினாங்கன்னு நீங்க கண்டுபிடிங்க. எனக்கு ஒண்ணும் இல்லை. பையனுக்கு மருந்து போடுவாங்கள்ல?"

"போடுவாங்கன்னுதான் சொல்றாங்க."

"அப்ப சரி."

திரும்பி நடக்கும்போது சின்னவள் மெதுவாகச் சொன்னாள். "இவங்க இல்லை அத்தான்."

"எப்படித் தெரியும்?"

"ஒரு சொம்பு தண்ணியைக் கொட்டக்கூட இவங்களுக்குத் தெம்பு இல்லை. நம்ம வீட்லயும் ஒருத்தர் அப்படித்தான், பக்கெட் நிரம்பி வழிஞ்சாலும் பார்த்துக்கிட்டே நிப்பார். பேர் சொல்ல மாட்டேன்."

*

ஆய்வகத்தின் வாசலில் ஒட்டும் விரிப்பு ஒன்று போட்டிருந்தார்கள். செருப்பில் வரும் தூசியைப் பிடித்துக்கொள்ள ஏற்பாடு. சின்னவள் மிதித்தாள். விரிப்பு அவள் செருப்பை விடமாட்டேன் என்றது.

"என்னை விட என் செருப்பு மேல ஆசை அதிகம் போல."

துப்பறிவாளர் உள்ளே போய் இன்குபேட்டரின் கண்ணாடிக் கதவருகே நின்றார். குளிர்சாதனப் பெட்டி மாதிரியே இருந்தது. உள்ளே மட்டும் வெதுவெதுப்பு. தட்டுத்தட்டாகக் குடுவைகள். ஒவ்வொன்றிலும் ரோஜா நிறத் தண்ணீர்.

"இந்தச் சிவப்புத்தான் செல்லுக்குச் சாப்பாடா?"

"மீடியம்னு சொல்லுவோம் சார்," என்றார் தலைவி.

"பின்வரிசையில் பழசா, எழுத்து அழிஞ்சு சிலது இருக்கே?"

"அதுவா? செல் நெருக்கமா வளர்ந்ததும் அடியிலேர்ந்து கழட்டிப் புதுக் குடுவைகளுக்குப் பிரிச்சு விடுவோம். பழைய குடுவையோட அடியில கொஞ்சம் ஒட்டிக்கிட்டே இருக்கும். தூக்கி எறிய மனசு வராது. கொஞ்சம் மீடியம் ஊத்திப் பின்னால தள்ளி வெச்சுடுவோம். புதுசு கெட்டுப்போனா பழசு கை குடுக்கும். எந்த லேப்ல பார்த்தாலும் இந்தப் பழக்கம் இருக்கும். அப்புறம் அது அங்கே இருக்கிறதையே மறந்துடுவோம்."

"சட்டியில ஒட்டினதைச் சுரண்டுற பழக்கம் எங்க வீட்லயும் உண்டு," என்றாள் சின்னவள்.

எல்லாத் தட்டுகளிலும் பின்வரிசையில் ஒரு பழைய குடுவை நின்றது. ஒரு தட்டில் மட்டும் இல்லை. அந்தத் தட்டில் முன்வரிசையும் காலி. பின்மூலையில், ஆவி படிந்த உலோகத்தின் மேல், ஒரு குடுவை அளவுக்கு மட்டும் பளிச்சென்று ஈரமில்லாமல் இருந்தது.

"இது அந்தப் பொண்ணோட தட்டா?"

தலைவியின் கை தானாக வாய்க்குப் போனது. "ஆமா. பழசு... அதை நாங்க யாருமே நினைக்கலை."

"தொட்டியில கிடக்கிறதெல்லாம் புது எழுத்து. பழசு அங்கேயும் இல்லை." அவர் பக்கத்தில் இருந்த நிஜமான குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தார். மீடியம் பாட்டில்கள் வரிசையாக நின்றன. வரிசையின் நடுவில் விழுந்த பல் மாதிரி ஓர் இடைவெளி. "இங்கே ஒரு பாட்டில் யார் எடுத்தது?"

யாரும் எடுக்கவில்லை.

"அத்தான்," என்றாள் சின்னவள். "சாகடிக்க வந்தவன் சாப்பாட்டைக் கட்டி எடுத்துட்டா போவான்?"

"போக மாட்டான். ப்ளீச்சிங் ஊத்தின கையுறையைக் கழட்டி, இருக்கிற நாலு குப்பைக்கூடையில சரியான கூடையில போட்டிருக்கான். தொட்டி விளிம்பைத் துடைச்சிருக்கான். கொலை பண்ணிட்டு அறையைப் பெருக்கிட்டுப் போற ஆள். இந்த அறையில வேலை பார்க்கிறவங்கதான்." அவர் தலைவியிடம் திரும்பினார். "இந்தச் செல்லைப் பார்த்துக்கிட்டது யாரு?"

"என் ஆராய்ச்சி மாணவி. தங்கமான பொண்ணு சார். சனி ஞாயிறுன்னு பார்க்க மாட்டா, வந்து சாப்பாடு மாத்திட்டுத்தான் போவா. நேத்துலேர்ந்து அழுது கண்ணு வீங்கிக் கிடக்கு. காலையில வந்தா, தலைவலின்னு கிளம்பிட்டா."

துப்பறிவாளர் வாசலுக்கு வந்து ஒட்டும் விரிப்பின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். மண், தலைமுடி, நூல். நடுவில் மஞ்சளாக, விரல் நகத்தை விடச் சின்னதாகப் பஞ்சு போல எதுவோ. இன்னொன்று. அதற்கு அப்பால் ஒன்று.

"இதை எப்ப மாத்துவீங்க?"

"தினம் காலையில மேல் தாளை உரிச்சிடுவாங்க. இது இன்னைக்கு உரிச்சது."

அவர் ஒன்றைக் கிள்ளி எடுத்து உள்ளங்கையில் வைத்து ஊதினார். அது பறக்க மனமில்லாமல் சுழன்று அங்கேயே உட்கார்ந்தது.

*

காரில் சின்னவள்தான் வண்டியை ஓட்டினாள். எங்கே போகிறோம் என்று தெரியாமலே கிளப்பிவிட்டாள். அது அவள் வழக்கம்.

"ஒரு கேள்வி," என்றார் அவர். "ராத்திரி பகல் விடாம, உடம்புச் சூடு, கூடவும் கூடாது குறையவும் கூடாது. லேப்பை விட்டா வேற எங்கே கிடைக்கும்?"

"குறைப்பிரசவக் குழந்தை வார்டு."

"அங்கே நர்ஸ் கண்ணுல படாம ஒண்ணும் வைக்க முடியாது."

"என் அக்குள்."

"ராத்திரி புரண்டு படுப்பே."

"அப்ப கோழிக்கு அடியிலதான்..." என்று ஆரம்பித்தவள், அவர் நீட்டிய உள்ளங்கையைப் பார்த்தாள். மஞ்சள் பஞ்சு இன்னும் அங்கேயே இருந்தது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. பின்னால் வந்தவன் ஹாரனை அமுக்கித் திட்டிவிட்டுப் போனான்.

"கோழிக்குஞ்சு," என்றாள் சின்னவள். "நான் விளையாட்டுக்குச் சொன்னேன் அத்தான்."

"நீ விளையாட்டுக்குச் சொல்றதுலதான் பாதி கேஸ் முடியுது. மேடத்துக்குப் போன் போடு."

சின்னவள் குரலைத் தேனாக்கிக்கொண்டு கேட்டாள். உங்க ஆபீஸில் யாராவது கோழி வளர்க்கிறார்களா மேடம், சும்மா ஒரு விவரத்துக்குத்தான். மறுமுனை சற்று யோசித்தது. வளர்ப்பதாகத் தெரியவில்லை, ஆனால் ஆராய்ச்சி மாணவியின் சித்தப்பா ஊர் எல்லையில் குஞ்சு பொரிக்கும் பண்ணை வைத்திருக்கிறார், போன மாதம் எல்லாருக்கும் முட்டை கொண்டுவந்து கொடுத்தாள் என்றது.

"முட்டை குடுத்தே மாட்டிக்கிட்டா," என்று போனை வைத்தாள். "ஆனா எனக்கு ஒண்ணு இடிக்குது. எல்லாத்தையும் அழிச்சிட்டு ஒண்ணை மட்டும் எடுத்துட்டுப் போனா என்ன அர்த்தம்? இனி உலகத்துலயே அது அவகிட்ட மட்டும்தான். விலை பேசப் போறா."

"இருக்கலாம்."

"இருக்கலாம்னா இல்லைன்னு அர்த்தம். உங்களோட வாழ்ந்து எங்க அக்கா எப்படித்தான்..."

அவள் பாதியில் நிறுத்தினாள். கியரை மாற்றினாள். மாற்றத் தேவை இருக்கவில்லை.

"அவ இதே மாதிரிதான் திட்டுவா," என்றார் அவர். ஜன்னல் வழியாக ஒரு பெட்ரோல் பங்க் போயிற்று. அதற்குப் பிறகு ஒரு டயர்க் கடை போயிற்று.

*

பண்ணை வாசலில் மருந்துத் தண்ணீர் நிரம்பிய தொட்டியில் காலை நனைத்துவிட்டு உள்ளே வரச் சொன்னார் சித்தப்பா. ஆள் நல்ல பருமன். பேசினால் நிறுத்த ஆள் வேண்டும்.

"நோய் வந்துடும் பாருங்க, அதுக்குத்தான்."

"வாசலுக்கு வாசல் என் காலைத்தான் கவனிக்கிறாங்க இன்னைக்கு," என்றாள் சின்னவள்.

முட்டை எடுக்க வந்தவர்கள் என்று அவராகவே முடிவு செய்துகொண்டு சுற்றிக்காட்டினார். முதல் அறையில் ஆள் உயர இயந்திரங்கள். கண்ணாடிக்குப் பின்னால் தட்டுத்தட்டாக முட்டைகள், ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. "இது ஆட்டிக்கிட்டே இருக்கும். தாய்க்கோழி புரட்டிப் புரட்டி விடும் இல்லையா, அந்த வேலையை மெஷின் செய்யுது. பொரிக்கிற சமயம் வந்துட்டா அடுத்த ரூமுக்கு மாத்திடுவோம். அங்கே ஆட்டக்கூடாது, சும்மா இருக்கணும்." குரலைத் தாழ்த்தினார். "அங்கே எங்க அண்ணன் பொண்ணு இருக்கா. ஏதோ பரீட்சை டப்பாவாம். ஆடுற மெஷின்ல வேணாம் சித்தப்பா, ஆடாததுல ஒரு ஓரம் குடுங்கன்னா. குடுத்தேன். படிக்கிற பிள்ளை, நம்மால ஆனது."

துப்பறிவாளர் அடுத்த அறைக் கதவைத் தள்ளினார்.

கீச்சுக் கீச்சென்ற சத்தம் காதை அடைத்தது. காற்றில் மஞ்சள் பஞ்சு மிதந்தது. கவிழ்த்த கூடை ஒன்றின் மேல் ஆராய்ச்சி மாணவி உட்கார்ந்திருந்தாள். எதிரே இயந்திரத்தின் கண்ணாடி. உள்ளே, ஓடு விரிசல் விட்ட முட்டைகளுக்கும், ஈரம் காயாத குஞ்சுகளுக்கும் நடுவே, கழுத்து வரை சிவப்புத் தண்ணீர் நிரம்பிய தட்டையான ஒரு பழைய குடுவை படுத்திருந்தது. ஒரு குஞ்சு அதன் மேல் ஏறி வழுக்கி விழுந்தது.

அவள் திரும்பிப் பார்த்தாள். ஓடவில்லை. யார் நீங்கள் என்றும் கேட்கவில்லை.

"மேடம் அனுப்பினாங்களா?"

"ஆமா."

"நீங்க உட்காருங்க," என்று இன்னொரு கூடையைக் காட்டினாள்.

சின்னவள் கதவைச் சாத்திவிட்டு அதில் சாய்ந்து நின்றாள். "யாருக்கு விக்கிறதா இருந்தே?"

"விக்கிறதா?" அந்தப் பெண்ணுக்குக் கேள்வியே புரியவில்லை.

"சின்னவளே, பொறு," என்றார் துப்பறிவாளர். கூடையில் உட்கார்ந்தார். "நான் வர்ற வழியெல்லாம் யோசிச்சேன்மா. புதுசா இருந்ததெல்லாம் அழிச்சிருக்கே. பழசை மட்டும் குழந்தை மாதிரி தூக்கிட்டு வந்திருக்கே. செல் ஒரே பொண்ணோடதுன்னா புதுசு என்ன, பழசு என்ன? வித்தியாசம் பார்த்திருக்கேன்னா, பழசுல இருக்கிற ஏதோ ஒண்ணு புதுசுல இல்லை."

அவள் கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள்.

"பழசுல அவ இருக்கா சார். புதுசுல அவ இல்லை."

"புரியும்படியா சொல்லு."

"ஒரு பாட்டில் மீடியம் ஒரு செல்லுக்குத்தான். லேப்ல சேர்ந்த முதல் நாளே சொல்லிக்குடுப்பாங்க. இதுக்கு ஊத்தின பாட்டில்லேர்ந்து அதுக்கு ஊத்தக்கூடாது. எங்ககிட்ட இன்னொரு செல் இருக்கு. வியாதி இல்லாத ஒருத்தரோட தோல் செல். மருந்து நல்ல செல்லைக் கெடுக்குதான்னு பார்க்க அதையும் கூடவே வளர்ப்போம். சாகாத வகை, காட்டுத்தனமா பெருகும். மருந்து ரொம்பக் கொஞ்சம்தான் வந்துச்சு. ரெண்டு பாட்டில்ல கலந்தா வீணாகும்னு ஒரே பாட்டில்ல கலந்தேன். அதுலேர்ந்தே ரெண்டுக்கும் ஊத்தினேன். ஜாக்கிரதையாத்தான் ஊத்தினேன்." உதட்டைக் கடித்துக்கொண்டாள். "ஒரு சொட்டுல அந்த நல்ல செல் ரெண்டு திரும்பி பாட்டிலுக்குள்ள போனா போதும் சார். அங்கேயிருந்து அவ குடுவைக்குப் போயிடுச்சு. இவ மெதுவா வளர்றவ. அது இவளை ஓரம் கட்டிட்டு மொத்த இடத்தையும் பிடிச்சுக்கிச்சு. மைக்ராஸ்கோப்ல ரெண்டும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். கரும்புள்ளி மட்டும்தான் வித்தியாசம்."

சின்னவள் கதவிலிருந்து நிமிர்ந்தாள். "அப்ப கரும்புள்ளி மறைஞ்சது..."

"மருந்தால இல்லை. வியாதியே இல்லாத செல்லுல எப்படிக் கரும்புள்ளி இருக்கும்?"

துப்பறிவாளர் கூடையை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டார்.

"எப்படித் தெரிஞ்சுது?" என்றார் துப்பறிவாளர்.

"பையனுக்கு ஆரம்பிக்கப் போறாங்களேன்னு ஒரு தைரியத்துக்காக நானே சோதிச்சேன். ஆணா பொண்ணான்னு பார்க்கிற சாதாரணச் சோதனை. ஆம்பளைன்னு வந்துச்சு. அந்த நல்ல செல்லுக்குச் சொந்தக்காரர் ஒரு ஆம்பளை." சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. "அம்மா ஆசையா குனிஞ்சு பார்த்த மகளுக்குப் பதிலா, யாரோ ஒரு ஆம்பளையை நான் இவ்வளவு நாளா சோறு போட்டு வளர்த்திருக்கேன்."

"அதை மேடத்துகிட்ட சொல்லாம ஏன் அழிச்சே?"

"செல்லே இல்லைன்னா மருந்தைத் தள்ளி வைப்பாங்கன்னு நினைச்சேன். அதுக்குள்ள இந்தப் பழசைப் பெருக்கி, ஒழுங்கா திரும்பச் செஞ்சு, உண்மை என்னன்னு கொண்டுபோய்க் குடுக்கலாம்னு. அந்த மருந்துப் பாட்டில்லேர்ந்து ஒரு சொட்டுகூட இந்தப் பழசுக்குள்ள போனதே இல்லை சார், பின்னால இருந்ததால தப்பிச்சது. ஆனா மேடம் தள்ளி வைக்கலை. ரிசல்ட் இருக்கே, போதும்னுட்டாங்க. நேத்து வார்டு வாசல்ல அந்த அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. ஒண்ணும் பேசலை. பிடிச்சுக்கிட்டே இருந்தாங்க. எடுக்கவே முடியலை. அப்புறம் எப்படி நான்..." முடிக்காமல் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "காலையில பூதக்கண்ணாடி வெச்சுப் பார்த்தேன். அடியில திட்டுத் திட்டா பிடிச்சிருக்கா. உள்ளே புள்ளி புள்ளியா கறுப்பு. கரும்புள்ளியைப் பார்த்து சந்தோஷப்படுற ஒரே ஆள் நான்தான்."

சின்னவள் கண்ணாடிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து குடுவையைப் பார்த்தாள்.

துப்பறிவாளர் தன் போனை எடுத்து மாணவியிடம் நீட்டினார்.

"நீங்க சொல்லிடுங்க சார்," என்றாள். "கண்டுபிடிச்சது நீங்கதானே. நான் எங்கே வேணும்னாலும் வர்றேன். இது மட்டும் என்னால முடியாது."

அவருடைய கை நீட்டியபடியே இருந்தது.

"என் மனைவி போனப்ப ஆபரேஷன் செஞ்ச டாக்டர் வெளியே வரலை," என்றார். "யாரோ ஒரு ஆளை அனுப்பினார். அந்த ஆள் கையில ஒரு தட்டு இருந்துச்சு, தட்டுல கத்தரிக்கோல் இருந்துச்சு. அது எனக்கு ஞாபகம் இருக்கு. அவர் என்ன சொன்னார்னு ஞாபகம் இல்லை. இன்னும் யாரும் எனக்குச் சரியாச் சொல்லலைன்னுதான் தோணுது." போனை இன்னும் முன்னால் நீட்டினார். "செஞ்சவங்க சொன்னாத்தான்மா அது சொன்ன மாதிரி."

சின்னவள் தரையைப் பார்த்தாள். இந்தக் கதை அவளுக்கும் புதிது.

மாணவி போனை வாங்கிக்கொண்டாள். முதலில் தலைவியைக் கூப்பிட்டாள். "மேடம், புது மருந்தை ஆரம்பிக்காதீங்க," என்று ஆரம்பித்து, ஒரே மூச்சில், பாடம் ஒப்பிப்பது போலச் சொல்லி முடித்தாள். பிறகு, "நான் வார்டுக்குச் சொல்றேன்," என்றார் தலைவி. அதற்கும் பிறகு, "அந்த அம்மாவுக்கு?" என்றார்.

"நானே சொல்றேன் மேடம்."

எண்களை அமுக்கும்போது விரல் தவறி ஸ்பீக்கரில் பட்டுவிட்டது. அணைக்கத் தோன்றவில்லை. மணி அடித்தது, எடுத்தார்கள்.

"அம்மா, நான் லேப்லேர்ந்து பேசறேன்."

"சொல்லும்மா. என்ன அது சத்தம்?"

"கோழிக்குஞ்சுங்கம்மா."

"சரி."

அவள் சொன்னாள். இந்த முறை ஒப்பிக்கவில்லை. பாட்டில் ஒன்றுதான் என்பதை இரண்டு தடவை சொன்னாள். என் தப்பு என்பதை ஒரு தடவை சொன்னாள், மெதுவாக, அந்த அம்மாள் கேட்டுக்கொள்ளும்படி. ஆய்வகத்தில் மருந்தில் தெளிந்தது உங்கள் மகள் இல்லை என்றாள். அந்த மருந்து உங்கள் பையனுக்குக் கேட்குமா என்று யாருக்கும் தெரியாது என்றாள்.

மறுமுனையில் வார்டின் சத்தம் கேட்டது. யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள்.

"நான் குனிஞ்சு பார்த்தேனே," என்றாள் அந்த அம்மாள். "அது?"

"அது அவதாம்மா. நீங்க பார்த்தப்ப அவதான். நான் கெடுத்தது அதுக்கு அப்புறம்."

"இப்ப?"

"கொஞ்சம் மிச்சம் இருக்கா. என் பக்கத்துலதான் இருக்கா. இதுல மருந்தைப் போட்டுப் பார்த்துட்டு உண்மையைச் சொல்றேன். சில வாரம் ஆகும்மா. அது வரைக்கும் பழைய மருந்தையே போடுவாங்க."

"அது வரைக்கும் தாங்குவானா?"

"தெரியலைம்மா."

திட்டுவாள் என்று மாணவி கண்ணை மூடிக்கொண்டாள். சின்னவளும் மூடிக்கொண்டாள். துப்பறிவாளர் மட்டும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு நெஞ்சில் எங்கேயோ மெல்லிசாக வலித்தது. ஊசி மருந்தின் மரமரப்பு விடும்போது கன்னத்தில் முதலில் வருமே, அந்த மாதிரி வலி.

"அப்ப இன்னைக்கு ஒண்ணும் போட மாட்டாங்க," என்றாள் அந்த அம்மாள்.

"போட மாட்டாங்கம்மா."

"அப்ப இவன் சாப்பிடலாமா? வெறும் வயித்துல இருக்கணும்னு சொல்லிட்டாங்க. காலையிலேர்ந்து பசிக்குது பசிக்குதுன்னு கேட்டுக்கிட்டே இருக்கான்."

மாணவி போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"சாப்பிடலாம்மா."

அந்த அம்மாள் போனை அணைக்கவில்லை. எங்கேயோ வைத்துவிட்டாள் போல. "எழுந்து உட்காருடா," என்று தூரத்தில் கேட்டது. "கையைக் காட்டு, துடைச்சு விடறேன்." ஒரு டப்பாவின் மூடி திறந்தது. தட்டில் கரண்டி படும் சத்தம் கேட்டது. மூன்று பேரும் இருந்த இடத்திலேயே அசையாமல், அவன் சாப்பிடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.